முதல் தரப் பட்டாணி

"ஜெயிச்சிட்டேன் மாமா! பட்டாணியிலிருந்து நான் பிரிச்சு எடுத்த புரதம் முதல் தரமாம். நாளைக்குப் பெரிய அதிகாரிங்க முன்னாடி பேசணும்."

ஆய்வகத்திலிருந்து வந்த மருமகள், இரண்டாவது கிண்ணம் சூப்பையும் ஆசையாகக் குடித்து முடித்தாள்.

கரண்டியும் கையுமாக நின்ற மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதுல என் பங்கும் இருக்கும்மா. நீ ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வச்சிருந்த பையைப் பிரிச்சுப் பார்த்தேன். அத்தனையும் வண்டு துளைச்ச பட்டாணி! கடைக்காரன் உன் தலையில கட்டிட்டானேன்னு, கமுக்கமா நம்ம வீட்டு நல்ல பட்டாணியை மாத்தி வச்சிட்டேன்."

"ஐயோ மாமா! என் ஆராய்ச்சியே சொத்தைப் பட்டாணியிலதான். கேட்டு வாங்கினேன்! அதையெல்லாம் எங்கே கொட்டினீங்க?"

"கொட்ட மனசு வருமா? ஊறவச்சு, மிதந்த வண்டையெல்லாம் வழிச்சுப் போட்டுட்டேன்."

மாமனார் அவளுடைய காலிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுமா?"