மூன்றாவது பெட்டி

எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் கொமாகி ஒருவர்தான் ஊழியர். இங்கே நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் இரண்டே பெட்டிகள். போன செவ்வாய்க்கிழமை மதியம் 1.52 வண்டி மூன்று பெட்டிகளுடன் வந்தது. கடைசிப் பெட்டி நடைமேடையைத் தாண்டி, கடுகுப் பூக்களுக்கு நடுவே நின்றது. அதன் முதல் ஜன்னலில் அவருடைய மனைவி நமியே உட்கார்ந்திருந்தாள். அவள் இறந்து நான்கு வருடம் ஆகிறது.

கொமாகி நடைமேடையின் விளிம்புவரை ஓடினார்.

"என்னங்க, ஏறலையா? உங்களுக்கு இடம் போட்டு வெச்சிருக்கேன்."

"எப்படிம்மா வர்றது? அடுத்த வண்டிக்கு ரெண்டு பேர் காத்திருக்காங்க. கொடி காட்ட ஆள் வேணாமா?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க" என்று அவள் சிரித்தாள். பிறகு ஜன்னல் வழியே ஒரு சோற்று உருண்டையை நீட்டினாள். "இதையாவது சாப்பிடுங்க. ரொம்ப இளைச்சுட்டீங்க."

அவருக்கு ஏறிவிடத்தான் ஆசை. கொடியைக் கீழே வைத்தும்விட்டார். காத்திருப்பு அறையில் யாரோ இருமினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடியை எடுத்து உயர்த்தினார். வண்டி கிளம்பியது.

வளைவில் திரும்பும்போது அதற்கு இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. கொமாகி உருண்டையைக் கடித்தார். உப்பு எப்போதும்போலத் தூக்கலாக இருந்தது. சோறு இன்னும் சூடு ஆறவில்லை.