எடைக் கொட்டகையில் படித்த சீட்டு

“வீட்டுக்குள்ள வேண்டாம். சோதனை முடிவை எடைக் கொட்டகையில வெச்சுப் படிங்க” என்று என்னிடம் சொன்னாள் மின்சா.

காலை பத்து மணி. படகுகள் கரையேறி, மீன் மூட்டைகள் தராசுக்கு வந்துகொண்டிருந்தன. இகோம்பே ஏரிக்கரையில் எல்லோரும் ஓரிடத்தில் கூடும் நேரம் அது ஒன்றுதான்.

அதனால்தான் அவள் அந்த நேரத்தைக் கேட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய கணவன் மயுங்கா இதே தராசின் பக்கத்தில் நின்று, குழந்தை லிமி எனக்குப் பிறந்தவள் இல்லை என்று ஊருக்குச் சொன்னான். அவன் கையில் ஒரு மருத்துவமனைச் சீட்டு இருந்தது.

லிமிக்கு அப்போது ஒரு வயது. விரல்கள் வீங்கி, தொட்டாலே வீறிட்டாள். ரத்த அணுக்கள் அரிவாளாக வளையும் நோய் என்றார்கள். தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு வந்து சேர்ந்தால்தான் குழந்தையை இப்படிப் படுத்தும் என்றார்கள்.

மின்சாவின் ரத்தத்தில் அது இருந்தது. மயுங்காவின் ரத்தத்தில் இல்லை.

மாமியார் அன்றே அவளுடைய சட்டிபானைகளை வாசலில் எடுத்து வைத்துவிட்டாள்.

மின்சா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அதே கரையில், அவர்கள் கண்ணெதிரேயே, மீன் காயவைத்து விற்றாள். முதுகுக்குப் பின்னால் யாராவது சிரித்தால், லிமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அவர்கள் முன்னால் போய் நிற்பாளாம். மீன் வேணுமா என்று கேட்பாளாம்.

நான் முவான்சா நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். உயிரணுவுக்குள் மரபணுக்கள் எப்போது விழிக்கின்றன, எப்போது அடங்குகின்றன, அதை எது ஆட்டுவிக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. போன வருடம் மூன்று பேரிடமும் ரத்தம் கேட்டு வந்தேன்.

மின்சா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கையை நீட்டினாள்.

மயுங்கா சிரித்தான். திரும்பவும் இதையேதான் சொல்லப்போகிறீர்கள், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

அவனுடைய மரபணுவை எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். ஒரு பிசகும் இல்லை. பிறகு மரபணுவை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் பகுதியைப் பார்த்தோம். யாரும் அவ்வளவாக எட்டிப்பார்க்காத இடம்.

அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தது.

லிமியிடமும் அதே இடத்தில் அதே எழுத்து. தகப்பனைக் காட்டும் மற்ற அடையாளங்களும் ஒன்று விடாமல் பொருந்தின. அந்தத் துண்டை உயிரணுக்களுக்குள் வைத்து வளர்த்தும் பார்த்தோம். மூன்று முறையும் மரபணு அரைகுறையாகவே வேலை செய்தது. மூன்றாவது முறை முடிவு வந்தபோது நான் நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்து நின்றது நினைவிருக்கிறது.

முந்தின நாளே மயுங்காவிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னாலேயே கேட்டுக்கொள்கிறேன் என்றான்.

கொட்டகையில் நான் படித்ததை அவர்கள் பாஷையில் சொன்னேன். மயுங்காவின் ரத்தத்தில் இரண்டு விளக்கு, தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. ஒன்று நன்றாக எரிகிறது, அதனால் அவனுக்கு நோயில்லை. இன்னொன்றில் விளக்கு நல்ல விளக்கு, திரியைத் தூண்டும் திருகுதான் கோளாறு. அந்த மங்கல் விளக்குதான் லிமிக்குப் போனது. தாயிடமிருந்து வந்த அரிவாளும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்தக் காலத்துச் சோதனை அரிவாளை மட்டும் தேடியது. திருகை அதற்குத் தெரியாது.

“ஆக, இவ மயுங்கா பொண்ணுதான்” என்றேன்.

தராசுக்காரர் ஒரு மூட்டையை இறக்கி வைத்தார். “படகு விளக்கையே ஒழுங்காப் பொருத்தத் தெரியாதவன். இதை நாங்களே சொல்லியிருப்போமே” என்றார்.

கொட்டகை அதிரச் சிரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு வரிசை முடிய அடுத்த வரிசை எடுத்தது, கரையில் வலை அலசியவர்கள் வரைக்கும் போயிற்று. மாமியார் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மயுங்கா லிமியின் முன்னால் வந்து குந்தினான். பிறகு நிமிர்ந்து, வீட்டுக்கு வா என்று மின்சாவைக் கூப்பிட்டான்.

“வீடு எனக்கு இருக்கு. இவ பேருக்குப் பின்னால போட உன் பேரைக் குடு, அது போதும்” என்றாள்.

நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து எழுதித் தருகிறேன் என்றான். மறுபடி குலவை.

நான் தாளை மடித்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மின்சா இடுப்புத்துணியின் முடிச்சை அவிழ்த்து, பழுப்பேறிப்போன ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். அன்றைக்கு மயுங்கா அவள்மேல் வீசிய அதே சீட்டு. இதையும் படியுங்கள் என்றாள்.

மூன்று பேரின் சோதனை முடிவுகளைப் படித்தேன். மூன்றும் சரியாகவே இருந்தன. அவற்றுக்குக் கீழே, சோதனை சொல்லாத ஒரு வரி இருந்தது. குழந்தைக்கு இவர் தகப்பனாக இருக்க வாய்ப்பில்லை.

இந்த வரி தப்பு என்றேன்.

“கீழ கையெழுத்துப் போட்டவர் பேரு?”

நிமிர்ந்து பார்த்தேன். ரத்தம் எடுக்க வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பெனெடிக்ட் புஜிகு, ஆய்வக உதவியாளர் என்று படித்தேன்.

“சத்தமா, டாக்டரே. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

கரை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு முறை என் பெயரைச் சொன்னேன்.