மெத்தோதிக்குக் குண்டெழுத்து

தன் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ரய்னா நேராகக் கிரிலின் அச்சகத்துக்கே போய்விட்டாள்.

"இது என்னடா கூத்து? செத்தவருக்கு ஒட்டுற அறிவிப்பா, சர்க்கஸ் நோட்டீஸா?"

கசன்லக் ஊரில் யார் செத்தாலும் வாசல், மரம், பேருந்து நிறுத்தம் என்று அறிவிப்பு ஒட்டிவிடுவார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியே சுவர்கள் தடித்துப்போய்க் கிடக்கும்.

கிரில் எட்டிப் பார்த்தான். மெத்தோதியின் நாற்பதாம் நாள் பிரார்த்தனை அறிவிப்பு. கறுப்புக் கட்டம், சிலுவை, புகைப்படம் எல்லாம் முறைப்படிதான் இருந்தன. பெயர் மட்டும் எண்ணெயில் போட்ட மாவு மாதிரி உப்பி, மூலை முனை இல்லாமல் குண்டு குண்டாக உருண்டு நின்றது.

"அருமையான எழுத்துக்கா. தெருக்கோடியிலேர்ந்தே படிக்கலாம்."

"ஐஸ்கிரீம் கடை நோட்டீஸுக்கும் இதே எழுத்துதான். பொம்மலாட்டத்துக்கும் இதேதான். மிங்கா புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறா. அவளைப் பார்த்து ஊர் சிரிக்கணுமா?"

"ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

"ரொட்டிக் கடையில போனா இதே பேச்சு. பஸ்ஸுக்கு நின்னா இதே பேச்சு. உன்னைக் காறித் துப்பாத குறைதான்."

"பிரார்த்தனை எப்போன்னு போட்டிருக்கேன்க்கா?"

"சனிக்கிழமை பத்து மணி, மேட்டுக் கல்லறை." காகிதத்தைப் பார்க்காமலே பொரிந்து தள்ளினாள்.

கிரில் சிரித்துக்கொண்டே அடுத்த தாளை இயந்திரத்தில் செருகினான். அந்தத் திமிர்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நானே வரேன் சனிக்கிழமை. ஊர் சார்பா மிங்காகிட்ட மன்னிப்புக் கேட்கிறேன். உன் மானம் அங்கே கப்பலேறும், பாரு."

"கண்டிப்பா வாங்கக்கா."

சனிக்கிழமை மேட்டுக் கல்லறையில் நிற்க இடமில்லை. ரொட்டிக் கடைக்காரர் வந்திருந்தார், பேருந்து ஓட்டுநர் வந்திருந்தார். மெத்தோதியோடு ஆலையில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். எல்லோரும் அந்த எழுத்தைத் திட்டிக்கொண்டேதான் மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

மிங்கா பெரிய பானையிலிருந்து, செத்தவர் நினைவாகக் கொடுக்கும் அவித்த கோதுமையை அள்ளி, மேலே சர்க்கரை தூவி, ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள்.

ரய்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல வச்சுக்காத மிங்கா. அந்தக் கிரில் பயல் பண்ணின காரியத்துக்கு நாங்க எல்லாரும்..."

"அவன்தான் பெரிய பானையா வைக்கச் சொன்னான். இவ்வளவு பேர் வருவாங்கன்னு நான் நம்பலை. அடக்கத்தன்னிக்குப் பாதிரியாரும் நானும் மட்டும்தானே நின்னோம். பெட்டியைத் தூக்கக்கூடக் கூலிக்குத்தான் ஆள் பிடிச்சோம்."

ரய்னா பிடித்திருந்த கையை விட்டாள்.

"எனக்கு யாருமே சொல்லலையே மிங்கா. தெரிஞ்சிருந்தா வராம இருப்பேனா?"

மிங்கா ஒரு கிண்ணத்தை அவள் கையில் வைத்தாள்.

"அப்பவும் ஒட்டினோம் ரய்னா. முறையான மெல்லிசு எழுத்துல, இதே உன் வீட்டுக் கதவுல. மழையில நனைஞ்சு தானா கிழிஞ்சு விழுற வரைக்கும் அங்கேயேதான் இருந்துச்சு."