ஆளில்லாத கிரகத்தில்

"ஆளே இல்லாத கிரகத்துல ஒருத்தன் கதவு கதவாத் திறந்துக்கிட்டுப் போறான். இதுல என்ன சஸ்பென்ஸு?" என்றாள் ஈவா.

டிவி முன்னால் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த கணவன் சாம்ராஜ் திரும்பவில்லை. "கதவுக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு தெரியாதுல்ல? அதான்."

"கொலை உண்டா, துப்பறியிறவன் உண்டா? செத்தாலும் மறுபடி எந்திரிச்சு வந்துர்றான்!"

திரையில் கதவு திறந்தது. ஏதோ பாய்ந்தது. சாம்ராஜ் அலறினான். ஈவா அவனைவிட உரக்க அலறினாள்.

"சஸ்பென்ஸு இல்லைன்னியே?"

"நீங்க கத்துனதுல பயந்துட்டேன். இந்த கேமுல மூணாவது பாகம் வந்தும் பயம் தெளியலையே உங்களுக்கு!"

கடைசிக் கதவு ஒன்றுதான் பாக்கி. "சாயங்காலம் திறப்போம். மில்லுக்குப் போயிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தான். அருப்புக்கோட்டை ரோட்டில் லாரி மோதி, வழியிலேயே இறந்துபோனான்.

சில வாரங்கள் கழித்து, வாடகைக்கு எடுத்த கேம் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் பாளையம்பட்டி கடைக்குப் போனாள் ஈவா. "பாவம், முடிவு தெரியாமலே போயிட்டாக" என்றாள்.

கடைக்காரர் கிறிஸ்டோபர் தயங்கினார். "இல்ல மதினி. மூணு பாகத்தையும் அண்ணன் இங்கனயே உக்காந்து முடிச்சிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவாக. எந்தக் கதவுல நீங்க கத்துவீகன்னு முன்னாலயே சொல்லிச் சிரிப்பாக. அண்ணன் அலறுறதும் இங்க பழகிப் பாத்ததுதான்."

"எம்புட்டு நடிப்பு!" ஈவாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கடைசிக் கதவுக்கு அங்கிட்டு என்னன்னு சொல்லட்டுமா?"

"சொல்லிராதீக" என்றாள் அவசரமாக.

இன்றுவரை அவளுக்கு அது தெரியாது.