பெரியப்பாவின் வயிறு

மனித குலத்தின் துயர் துடைக்கப் பிறந்தவர்களைக் கடல்கூடத் தடுக்க முடியாது.

மிக்சி சத்தம் தடுத்துவிடும். ஆகவே அவள் முதலில் அதைத்தான் நிறுத்தினாள். பிறகு வாசல் மணி, மின்விசிறி, வாஷிங் மெஷின். அந்த வீட்டில் சத்தம் போடத் தெரிந்த எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் நேர்காணல். ஊர்ப்பட்ட ஆஸ்பத்திரிகளுக்கு எழுதியதில் பதில் போட்டது இது ஒன்றுதான். டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கும் அவளுக்கு அவர்களுடைய வார்டில் பயிற்சி. இருப்பதோ ஒரே இடம். படிப்பு முடிந்து மாணவி என்ற பெயர் போய்விட்டால் அங்கே நோயாளியைத் தொட விடமாட்டார்கள். சுவரோரம் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

வீட்டில் யாரையாவது படுக்கவைத்து வயிற்றைப் பரிசோதித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதவிக்குப் போட்டி இருந்தது. பெரியப்பா வென்றார்.

தம்பி மகள் வெளிநாட்டு டாக்டர்களுக்கே பாடம் எடுக்கப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவர் அவர். வாழ்த்த வந்த ஒவ்வொருவரோடும் தானும் ஒரு காப்பி குடித்துவிட்டு, சட்டையின் இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்து கட்டிலில் படுத்தார்.

"அம்மாடி, ஒரு நிமிஷம்..."

"நோயாளி பேசக் கூடாது, பெரியப்பா."

மடிக்கணினித் திரையில் நரைத்த முடியோடு ஒரு டாக்டரம்மா தோன்றினார். சிரிக்கவில்லை. ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

அவள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். கல்லீரல் சரி. மண்ணீரல் சரி. கை தொப்புளுக்குக் கீழே இறங்கியது.

நின்றது.

அங்கே ஏதோ இருந்தது. உருண்டையாக, வழவழப்பாக, கெட்டியாக. விரலால் தட்டிப் பார்த்தாள். மேளம்போல ஒலிக்க வேண்டிய வயிறு அந்த இடத்தில் மட்டும் அரிசி மூட்டைபோல ஒலித்தது.

அழுத்தினாள். பெரியப்பாவின் கால் விரல்கள் மடங்கின. நெற்றியில் வேர்வை பொடித்தது. மின்விசிறி ஓடாததால் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை.

பாடப் புத்தகத்தில் அந்த இடத்துக்கு உரிய வியாதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பரீட்சையில் அவற்றை வரிசை மாறாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். இப்போது அதே இடத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள்.

பொம்மை ஸ்டெதஸ்கோப்போடு அவள் திரிந்த வயதில், கேட்டபோதெல்லாம் நோயாளியாகப் படுத்துக் காட்டியவரும் இந்தப் பெரியப்பாதான். அப்போதெல்லாம் எல்லா வியாதியும் சாயங்காலத்துக்குள் குணமாகிவிடும்.

என்ன தெரிகிறது என்று திரையிலிருந்து கேள்வி வந்தது.

சொல்லாவிட்டால் இடம் போய்விடும். சொல்லலாம் என்றால், கட்டிக்கு ஆங்கிலத்தில் என்ன என்பது பெரியப்பாவுக்குத் தெரியும்.

சொன்னாள்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். கதவுக்கு அப்பால் பெரியம்மாவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

டாக்டரம்மா திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். நோயாளியின் பின்னிக்கிடந்த கால்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், ஒன்றே ஒன்று கேட்டார். பரிசோதனைக்கு முன்னால் அவரைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னாயா?

வயிற்றைப் பற்றிய பாடத்தில் முதல் வரியே அதுதான்.

பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்.

"அதத்தாம்மா அப்பவே சொல்ல வந்தேன். சாவியக் குடு."

தண்ணீர் திறந்துவிட்டால் சுவர் வழியாகக் கேட்கும் என்று விடிந்ததுமே பூட்டி எடுத்த கழிவறைச் சாவி, அவளுடைய வெள்ளைக் கோட்டுப் பையில் இருந்தது.