பாரம் தாங்கும் வீல்

வீல் அக்காவுக்குத் தன்மேல் தீராத பகை என்று அவனுக்கு இன்றோடு உறுதியாகிவிட்டது. லாரி நாற்பது நிமிஷம் காத்துக் கிடக்க, அவன் வண்டியோ வழியிலேயே சண்டி பண்ணி நின்றது.

குடோனில் பேலட் டிரக் என்கிற சரக்குக் கைவண்டியை இழுப்பவன் அவன். சரக்குக்கு அடியில் நுழைந்து தூக்கும் இரண்டு இரும்புக் கைகளின் நுனியில் சின்னச் சின்ன வீல்கள் இருக்கும். பாரம் முழுக்க அவற்றின் தலையில்தான். தேய்ந்தால் மாற்றித் தருபவர் ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அம்மாள். எல்லோருக்கும் அவர் வீல் அக்கா.

கட்டைவிரலால் தடவியே வீலின் அளவு சொல்கிற கைகாரி. மற்ற பதினைந்து வண்டிகளும் வழுக்கிக்கொண்டு போயின. அவன் வண்டிக்கு மட்டும்தான் இந்தக் கதி.

முதல் வாரம் நைலான் வீல் போட்டார். சொரசொரத்த தரையில் அது போட்ட கூச்சலில், மூன்று வரிசை தள்ளி நின்றவர்களே காதைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த வாரம் ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தேய்ந்தது. அவன் கிழக்கே இழுத்தால் வண்டி மேற்கே போயிற்று. இந்த வாரம் பேரிங் வறண்ட வீல். கிரீஸ் கேட்டதற்கு, இழுக்க இழுக்கச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

போதாக்குறைக்குக் குறுக்கு விசாரணை வேறு. வீட்டில் யார் சமைப்பது, கோபம் வந்தால் என்ன செய்வான், கடைசியாக யாரோடு சண்டை போட்டான். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லி வந்தான்.

அவன் கவலை அவனுக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். போன மாதம்தான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். அம்மா நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். எப்போது பார்ப்பார் என்று கேட்டால் சிரிக்கிறாள். இந்த நேரம் பார்த்து வேலைக்கு ஆபத்து வந்தால்?

ஆபத்து ஒர்க்‌ஷாப் வாசலுக்கே வந்தது. சூப்பர்வைசர் அவனை நிறுத்தி வைத்து, திங்கள்கிழமையிலிருந்து வண்டி கிடையாது, மூட்டை தூக்கத்தான் போகவேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“வீல் சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்தம்மாவை நான் கவனிச்சுக்கறேன்.”

உள்ளே அக்கா ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“வேணாம் சார். அவங்ககிட்ட நானே பேசிக்கறேன்” என்றான் அவன்.

ஸ்பேனர் நின்றது. அக்கா எழுந்து வெளியே வந்தார். மூன்று வாரமும் வேண்டுமென்றே தப்பான வீல் போட்டது தான்தான், தாமதத்துக்கு அவன் பொறுப்பல்ல என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொன்னார். எழுதியும் தருவதாகச் சொன்னார். வாய் பிளந்தவர், மூட்டை விஷயத்தை மறந்துவிடு என்று அவனிடம் முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார்.

அக்கா வண்டியைச் சாய்த்துப் போட்டார். அச்சில் சுற்றிக் கிடந்த நூலையும் பிளாஸ்டிக் தாளையும் வெட்டியெடுத்தார். அலமாரியிலிருந்து சத்தம் போடாத பாலியூரித்தேன் வீல்களை எடுத்து, அகலம் அளந்து, இரண்டு பக்கமும் ஒரே ஜோடியாகப் பொருத்தினார். கிரீஸ் வைத்துவிட்டு ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினார். வண்டி பூனைபோல நகர்ந்தது.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“இவ்வளவு நல்ல வீலை வச்சுக்கிட்டு ஏன்க்கா என்னை இந்தப் பாடு படுத்துனீங்க?”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கேயோ பார்த்ததுபோல இருந்தது அவனுக்கு.

“இனிமே அக்கான்னு கூப்பிடாதீங்க, அத்தைன்னு கூப்பிடுங்க.”