முளையில் கட்டிய கயிறு

ஆற்றில் துறைமுகம் அமைக்கலாமா என்று ஆராய வந்த இன்பரசி, கரையில் ஒரு முளையை அடித்துவிட்டு, "துறைமுகம் வந்தா என்ன சரக்கு அனுப்புவீங்க?" என்று வீடு வீடாகக் கேட்டாள். மறுநாள் விடியலில் கரை முழுக்கச் செங்கல், வாழைத்தார், தேங்காய் மூட்டை. கோழிக்கூடைகூட வந்திருந்தது.

"ஐயோ, சும்மா விசாரிச்சதுங்க! இன்னும் கப்பலே கிடையாது!"

"அப்ப இது என்ன தாயி?" என்று முளையைக் காட்டினாள் செங்கல் சூளை வெள்ளையம்மா.

முளையில் நேற்று இல்லாத தாம்புக்கயிறு ஒன்று கட்டியிருந்தது. மறுமுனை ஆற்றுப் பனிமூட்டத்துக்குள் போயிருந்தது. இன்பரசி தொட்டுப் பார்த்தாள். கயிறு விறைத்தது. அந்தப் பக்கம் ஏதோ கனமாக அசைந்தது.

"என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? வந்து பிடிங்க!" என்று கத்திக்கொண்டே அவள் இழுக்கத் தொடங்கினாள்.